புறங்கை அளந்த வெளிச்சம்

வான்கூவரிலும் ஓரிகனிலும் 1990-களில் வீட்டு நிலவறைகளில் கஞ்சா வளர்த்தவர்களிடம் வெளிச்சத்தை அளக்க இருந்த கருவி புறங்கைதான். உச்சிக் கொழுந்து எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில், விளக்குக்கு நேர் கீழே, கையைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். அரை நிமிடம் சூடு பொறுத்தால் விளக்கு சரியான இடத்தில் தொங்குகிறது என்று பொருள். சுட்டால் சங்கிலியில் இரண்டு கண்ணி மேலே ஏற்றுவார்கள்.

பாமரத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு நியாயம் இருந்தது. அவர்கள் எரித்தது உயரழுத்த சோடியம் விளக்கு. நம் நெடுஞ்சாலைகளில் மஞ்சளாய் எரிந்த அதே சாதி. 1000 வாட் பல்பு, தூக்கவே கனக்கும் ஒரு சோக், பல்புக்கு மேல் வெள்ளையடித்த தகரக் கூரை. அந்த பல்பிலிருந்து வெளிச்சமும் சூடும் பிரியாமல் சேர்ந்தே வரும். ஆகவே சூட்டைத் தொட்டறிந்தால் வெளிச்சத்தையும் ஏறக்குறைய அறிந்ததாகத்தான் ஆகும். ஒன்றரை அடி, இரண்டு அடி என்று புறங்கை சொன்ன உயரத்தில் செடி கருகாமல் வளர்ந்தது. வெளிச்சம் போதுமா என்ற கேள்விக்கு மட்டும் கையிடம் பதில் இல்லை. அது மிகையைத்தான் சொல்லும், குறையைச் சொல்லாது.

குறைக்கு வேறொரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள்: ஒரு சதுர அடிக்கு 50 வாட். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். இலைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. எல்லோரிடமும் ஒரே வகை பல்பு இருந்தவரை அந்தக் கணக்கும் தடுமாறாமல் ஓடியது. கொஞ்சம் வசதியும் ஆர்வமும் உள்ளவர்கள் லக்ஸ் மீட்டர் வாங்கினார்கள். புகைப்படக்காரர்களும் கட்டடப் பொறியாளர்களும் வைத்திருப்பது. வாட்டைவிட அது மேல் என்று தோன்றும். உண்மையில் அது வேறொருவருக்காகச் செய்த கருவி. மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அருகே, பச்சையில்தான் கூர்மை அதிகம். லக்ஸ் மீட்டரும் அப்படியே பச்சைக்கும் மஞ்சளுக்கும் அதிக மதிப்பெண் போட்டு, சிவப்பையும் நீலத்தையும் குறைத்துக் காட்டும். வெயிலில் 50,000 லக்ஸ் என்றால் செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் வினாடிக்குச் சுமார் 925 மைக்ரோமோல். அதே 50,000 சோடியம் விளக்கின் கீழ் வெறும் 610 அளவில்தான். மீட்டரில் ஒரே எண். செடிக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு.

நல்ல கருவி அப்போது உலகத்தில் இல்லாமலில்லை. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் கீத் மெக்ரீ 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறத்தின் கீழும் வைத்து, எந்த ஒளியில் எவ்வளவு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அளந்து 1972-ல் வெளியிட்டார். 400 முதல் 700 நானோமீட்டர் வரை வரும் ஒளித்துகள்களை நிறபேதம் பாராமல் எண்ணினால் போதும், செடிக்கான ஒளி கிடைத்துவிடும் என்ற நடைமுறை அதன்பின் நிலைத்தது. அதே காலத்தில் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் லைக்கார் நிறுவனம் அந்தத் துகள்களை எண்ணும் குவாண்டம் சென்சாரைச் செய்து விற்கவும் தொடங்கிவிட்டது. சோளம், கோதுமை, சோயா ஆராய்ச்சியாளர்கள் அதை வாங்கினார்கள். நிலவறைக்காரர் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

விளக்கு வாங்குவதே அன்று சாட்சியம். 1989 அக்டோபரில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறை, 'கிரீன் மெர்ச்சன்ட்' என்ற பெயரில், வீட்டுக்குள் பயிர் வளர்க்கும் விளக்குகளும் நீர்வழி வேளாண்மைச் சாமான்களும் விற்ற கடைகளை நாடெங்கும் ஒரே நேரத்தில் சோதனையிட்டது. கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்டியலும் பார்சல் போன முகவரிகளும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தக் கடைகளில் எல்லோரும் தக்காளிதான் வளர்த்தார்கள், பேச்சளவில். தக்காளிக்காரர் ஒருவர் கடைக்கு வந்து ஆய்வகத் தரத்தில் ஒளிமானி கேட்டால் எப்படி இருக்கும்?

வளர்த்தவர் தன் வெளிச்சத்தை அளக்கவில்லை. ஆனால் அவருடைய வெளிச்சத்தை மற்றவர்கள் மும்முரமாய் அளந்துகொண்டிருந்தார்கள். முதல் ஆள் மின்சார மீட்டர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2006-ல் வந்த சட்டத் திருத்தம், நாளொன்றுக்கு 93 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளின் விவரத்தை நகராட்சி கேட்டால் மின்வாரியம் கொடுக்கலாம் என்றது. மின்கம்பியையும் தீயையும் பார்க்கிற பாதுகாப்புச் சோதனை என்பது அதன் பெயர். கணக்கு எளியது. 1000 வாட் விளக்கு பூக்கும் பருவத்தில் 12 மணி நேரம் எரிந்தால் 12 யூனிட். நான்கு விளக்கு, காற்றாடிகள், சூட்டை வெளியேற்றும் ஏசி என்று சேர்ந்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மீட்டருக்கு முன்பே கம்பியை வெட்டித் திருட்டு மின்சாரம் எடுத்தார்கள். சில வீடுகள் எரிந்துபோனதும் அதனால்தான்.

இரண்டாவது ஆள் வெப்பக் கேமரா. 1992 ஜனவரியில், ஓரிகனின் ஃபுளோரன்ஸ் என்ற ஊரில், விடியற்காலை மூன்று மணிக்கு மேல், அதிகாரிகள் காரில் உட்கார்ந்தபடியே ஒரு வீட்டைச் சில நிமிடங்கள் வெப்பக் கேமராவில் பார்த்தார்கள். வண்டிக்கொட்டகையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் அக்கம்பக்கத்து வீடுகளைவிடச் சூடாய்த் தெரிந்தன. அதையும் கரண்ட் பில்லையும் வைத்துச் சோதனை ஆணை வாங்கி உள்ளே போனால் நூற்றுக்கு மேல் செடிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஆணையின்றி வீட்டின் வெப்பத்தைக் கருவியால் பார்ப்பதும் சோதனைதான், சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி அன்டனின் ஸ்கலியா, பழமைவாதி என்று பெயரெடுத்தவர். வீட்டுப் பெண்மணி இரவில் எந்நேரம் குளிக்கிறார் என்பதையும் இந்தக் கருவி காட்டிவிடுமே என்பது அவர் கவலை. மூன்றாண்டு கழித்துக் கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்கு இதே கேள்வி வந்தபோது பதில் தலைகீழாய் இருந்தது: விமானத்திலிருந்து சுவரின் வெப்பத்தைப் பார்ப்பதில் அந்தரங்கம் ஒன்றும் போய்விடவில்லை. ஒரே விளக்கு, ஒரே சூடு, இரண்டு நாட்டு நீதி.

சோடியம் விளக்கு கொடுத்த சூடு இப்படி வளர்ப்பவருக்கு அளவுகோலாகவும் போலீஸுக்குத் துப்பாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. இரண்டையும் ஒருசேர ஒழித்தது எல்இடி.

அது வந்த வழி விண்வெளி வழி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் பூலாவும் கூட்டாளிகளும், விண்கலத்தில் பயிர் வளர்க்க எடை குறைந்த, உடையாத, சூடு குறைந்த விளக்கு தேடினார்கள். சிவப்பு எல்இடியோடு கொஞ்சம் நீலக் குழல்விளக்கைச் சேர்த்து லெட்யூஸ் கீரை வளர்த்துக் காட்டி 1991-ல் எழுதினார்கள். நீலத்துக்குக் குழல்விளக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு: பளிச்சென்ற நீல எல்இடி அப்போது கிடையாது. ஷுஜி நாகமுரா 1993-ல் அதைச் செய்துகாட்டினார். 2014-ல் அகசாகி, அமானோ ஆகியோரோடு நோபல் வாங்கினார். அதன்பின் சிவப்பும் நீலமும் கலந்து கத்தரிப்பூ நிறத்தில் எரியும் விளக்குகள் சந்தைக்கு வந்தன. செடி பச்சையைத் திருப்பியனுப்பிவிடுகிறது, ஆகவே பச்சைக்கு மின்சாரம் வீண் என்பது விற்பவர்களின் வாதம். மெக்ரீயின் 22 பயிர்களும் பச்சை ஒளியில் நன்றாகவே ஒளிச்சேர்க்கை செய்திருந்தன என்பதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. 1000 வாட் என்று பெட்டியில் அச்சிட்ட விளக்கு சுவர்ப் பிளக்கில் இருநூறு வாட்கூட இழுக்காது. அந்த 1000 ஏதோ ஒரு 'சமமான' வாட். சதுர அடிக்கு 50 வாட் என்று பாடம் படித்தவர்கள் அதை நம்பிக் கெட்டார்கள். வெள்ளை எல்இடிகளின் திறன் உயர்ந்து, கத்தரிப்பூ நிறம் மெல்ல மறைந்தது. அந்த நிறத்தில் எரிந்த அறைகளுக்குள் நின்று செடியின் இலை மஞ்சளா பச்சையா என்று பார்க்கவே முடியாது. போனதில் எனக்கு வருத்தமில்லை.

அந்தக் கட்டத்தில்தான் புறங்கை தோற்றது. எல்இடியின் கழிவுச் சூடு பின்புறத்து அலுமினியத் தகட்டில் போய் உட்காரும். முன்புறம் வரும் கதிரில் அகச்சிவப்பு சொற்பம். கையைப் பிடித்தால் சுகமாய் இருக்கும். சுகமாய் இருக்கிறதே என்று விளக்கைத் தாழ்த்தினார்கள். சில நாட்களில் உச்சிப் பூங்கொத்து பச்சையம் இழந்து வெள்ளையாய் வெளுத்தது. இலையோரங்கள் மேல்நோக்கிச் சுருண்டன. அறையில் அனல் இல்லை, இலையில் கருகல் இல்லை, ஆனால் ஒளி தாங்கவில்லை. வேறு சிலருக்கு எதிர்த்திசையில் தொல்லை. சோடியத்தின் அகச்சிவப்பு இலையை நேரடியாகச் சூடாக்கி வைத்திருந்தது. எல்இடிக்கு மாறியதும் இலை குளிர்ந்து, நீராவிப்போக்கு குறைந்து, வேர் நீரை இழுப்பதும் சத்து மேலேறுவதும் மந்தமாயின. செடிக்கு உரக்குறை என்று நினைத்து உரத்தைக் கூட்டியவர்கள் உண்டு. மருந்து அதுவல்ல: அறை வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி ஏற்றுவது. இப்போது வளர்ப்பறைகளில் சுவர் வெப்பமானியோடு, இலைப் பரப்பின் வெப்பத்தைத் தூரத்திலிருந்து படிக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியும் தொங்குகிறது. ஒரு காலத்தில் போலீஸ் செய்த வேலையை வளர்ப்பவரே செய்துகொள்கிறார்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சா சட்டபூர்வம். பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். அதற்கு மேல் உரிமம் பெற்ற நிறுவனங்கள். (நம் நாட்டில் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி ஒரு செடி வளர்த்தாலும் சிறைதான்.) ஒளிமானி இப்போது மறைக்க வேண்டிய பொருளில்லை. ஒன்ராறியோவில் நாலுக்கு நாலு அடிக் கூடாரத்தில் நான்கு செடி வைத்திருப்பவர் பேச்சிலும் பி.பி.எஃப்.டி. என்ற எழுத்துகள் சர்வசாதாரணமாய் வருகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடியில் வந்து விழும் ஒளித்துகள்களின் கணக்கு அது. உச்சிவெயிலில் சுமார் 2000. நாற்றுக்கு 200, 300. தழைக்கும் பருவத்தில் 400-லிருந்து 600. பூக்கும்போது 600-லிருந்து 1000. அதற்கும் மேலே போவதானால் அறைக்குள் கரியமில வாயுவை விட்டு அதன் செறிவைக் கூட்ட வேண்டும் என்பார்கள்.

பூக்கும் பருவத்தில் இவ்வளவு தேவைப்படுவதற்குக் காரணம், கஞ்சா ஒரு குறும்பகல் செடி. இருட்டு நீண்டால்தான் பூக்கும். ஓசூர், சிக்கபள்ளாப்பூர் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் இரவில் பல்பு எரியவிட்டுப் பூப்பைத் தள்ளிப்போடுகிறார்களே, அதே குணம். தழைக்கும் பருவத்தில் 18 மணி நேரம் விளக்கு எரியலாம். பூக்கவைக்க 12 மணி நேரத்தோடு நிறுத்தியாக வேண்டும். நேரத்தை நீட்ட வழியில்லாததால் செறிவைக் கூட்டித்தான் நாளின் மொத்தத்தை எட்ட முடியும். மழையை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பதும் நாள் முழுக்க எத்தனை பெய்தது என்று பார்ப்பதும் வேறுவேறு அல்லவா; அந்த நாள் மொத்தத்துக்கு டி.எல்.ஐ. என்று பெயர். 1000 மைக்ரோமோல் 12 மணி நேரம் எரிந்தால் 43.2 மோல். தழைப்பருவத்தில் 600-ஐ 18 மணி நேரம் எரித்தால் 38.9. விளக்கைக் கூட்டும்போது பலரும் செறிவை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் பெருக்கலை மறப்பதுண்டு.

அளக்கும் முறையிலும் நுணுக்கம் சேர்ந்துவிட்டது. கூடாரத்தின் பரப்பைக் கட்டம்கட்டமாய்ப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தழைகளின் மேல்மட்டத்தில் சென்சாரைச் சமமாக வைத்துப் படிப்பார்கள். நடுவில் 1000 வந்தால் மூலைகளில் 500, 600 வருவது புதிதல்ல. சென்சார் கொஞ்சம் சாய்ந்தாலும் எண் மாறும். குனிந்து பார்ப்பவரின் தலை நிழல் விழுந்தாலும் மாறும். அதனால் சென்சாரை நீண்ட குச்சியின் முனையில் கட்டிக்கொள்கிறார்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும் என்ற பள்ளிக்கூட விதி இங்கே அப்படியே செல்லாது. அது ஒற்றைப் புள்ளி விளக்குக்கு. கூடாரத்தின் அகலத்துக்கே நீண்ட எல்இடிப் பலகையும் பளபளக்கும் சுவர்களும் இருக்கையில் அரை அடி உயர்த்தினால் நடுவில் குறைவது சொற்பம். மூலைகள் ஓரளவு மேலேறும். ஆகவே உயரத்தை மாற்றுவது பரவலைச் சரிசெய்ய. அளவைச் சரிசெய்ய டிம்மர். சோடியம் காலத்தில் இந்த இரண்டு வேலையையும் ஒரே சங்கிலி செய்தது.

சென்சார்களும் தவறிய காலம் உண்டு. மலிவான சில மாடல்களுக்கு 650 நானோமீட்டரைத் தாண்டினால் பார்வை மங்கிவிடும். வெயிலையும் சோடியத்தையும் அளக்கும்வரை அது தெரியவில்லை. எல்இடிக்காரர்கள் மிக விரும்பிய சிவப்போ 660. விளக்கு கொடுத்ததை மீட்டர் எண்ணவே இல்லை. யூட்டா மாகாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் பக்பி 1996-ல் தொடங்கிய அபோஜி நிறுவனம், கிட்டத்தட்ட 390-லிருந்து 690 வரை படிக்கும் புதிய சென்சாரைக் கொண்டுவந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. அதற்கும் சில நூறு டாலர் வேண்டும். முடியாதவர்கள் கைப்பேசியின் முன்கேமராவில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, செயலியில் விளக்கு வகையைத் தேர்ந்தெடுத்து அளக்கிறார்கள். திருத்திச் சரிசெய்த கைப்பேசி வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. ஒரே கூடாரத்தில் நடுவையும் மூலையையும் ஒப்பிட அது தாராளமாய்ப் போதும்.

எவ்வளவு வெளிச்சம் போதும் என்ற கேள்விக்கான ஆராய்ச்சி தாமதமாகத்தான் வந்தது. மிசிசிப்பி பல்கலைக்கழகம் 1968 முதல் அமெரிக்க அரசுக்காகச் சட்டபூர்வமாகக் கஞ்சா வளர்க்கிறது. அங்கே தனி இலைகளை அளந்தவர்கள், ஏறத்தாழ 1500 மைக்ரோமோலில் ஒளிச்சேர்க்கை உச்சம் தொடுகிறது என்று 2008-ல் எழுதினார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் யூபின் ஜெங் குழு 2021-ல் முழுச் செடியை எடுத்துக்கொண்டது. 120-லிருந்து 1800 வரை வெவ்வேறு செறிவுகளில் எல்இடியின் கீழ் வளர்த்துப் பார்த்தால், காய்ந்த பூவின் எடை நேர்கோடாய் ஏறிக்கொண்டே போயிற்று, 1800-லும் வளையவில்லை. மேலிலை நிறைந்துவிட்டாலும் நிழலில் கிடக்கும் கீழிலைக்குப் பசி இருக்கிறது. தனி இலையை அளந்து முழுச் செடியைக் கணித்தால் தப்பாகும் என்பது இதில் தெரிந்தது. பழைய ஆட்களின் ஒரு நம்பிக்கையும் இதில் அடிபட்டது: வெளிச்சத்தைக் கூட்டினால் சரக்கின் வீரியம் கூடும் என்பார்கள். கூடவில்லை. எடைதான் கூடியது.

நேர்கோடு என்றால் எங்கே நிறுத்துவது? அதைச் செடி சொல்லாது, கரண்ட் பில் சொல்லும். எரிசக்தி ஆய்வாளர் எவன் மில்ஸ் 2012-ல் வெளியிட்ட மதிப்பீடு, அமெரிக்க மின்சாரத்தில் ஒரு சதவீதம் உள்ளரங்கக் கஞ்சாவுக்குப் போகிறது என்றது. இரட்டை முனை சோடியம் விளக்கு 1000 வாட் தின்று வினாடிக்குச் சுமார் 1700 மைக்ரோமோல் கொடுத்தது. இன்றைய நல்ல எல்இடி 650 வாட்டில் அதைக் கொடுக்கிறது. மிச்சமான 350 வாட்டைச் சேமித்தவர்கள் குறைவு. கூடுதல் விளக்கு மாட்டி 1000-ஐ 1300 ஆக்கியவர்கள் அதிகம். விற்பனை விலை சரிந்தபோது அவர்களில் பலர் டிம்மரைத் திருப்பிக் குறைத்தார்கள். ஒன்ராறியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஊரில் 2008-ல் மூடப்பட்ட ஹெர்ஷி சாக்லெட் ஆலைக்குள் குடியேறிப் புகழ்பெற்ற கனோபி என்ற கஞ்சா நிறுவனம், 2023-ல் அந்தக் கட்டடத்தை ஹெர்ஷிக்கே விற்றுவிட்டது. அன்று யூனிட் கணக்கைப் பார்த்துப் பயந்தவர்கள் போலீஸுக்குப் பயந்தார்கள். இன்று கணக்கு அதேதான், பயம் வங்கிக்கு.

அளவுகோலே இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 700 நானோமீட்டருக்கு அப்பால் வரும் தொலைசிவப்பைச் செடி பயன்படுத்தாது என்றுதான் மெக்ரீ காலத்திலிருந்து கணக்கில் விட்டிருந்தார்கள். தனியாகக் கொடுத்தால் உண்மைதான். மற்ற நிறங்களோடு சேர்த்துக் கொடுத்தால் 750 வரைக்கும் ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது என்று பக்பியின் ஆய்வகத்திலிருந்து 2020-ல் முடிவு வந்தது. ஒளிச்சேர்க்கை ஆய்வாளர் எமர்சன் 1957-லேயே கோடிகாட்டிய விஷயம். அபோஜி இப்போது 400-லிருந்து 750 வரை எண்ணும் சென்சாரையும் விற்கிறது. தொலைசிவப்பு கலந்த ஒரே விளக்கின் கீழ் பழைய சென்சார் ஓர் எண்ணும் புதியது அதைவிடக் கூடுதலாக ஓர் எண்ணும் காட்டும். விளக்கு விற்பவர் எந்த எண்ணைப் பெட்டியில் அச்சிடுவார் என்று கேட்க வேண்டியதில்லை.